பெடர் ரோடு இரண்டாவது முறை வரும்போது

ஜனவரியில் நடக்கும் மும்பை மாரத்தானுக்குக் குறிநேரம் வைக்கும்போது, வேறு ஊரில் ஓடிய நேரத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டாதீர்கள். எத்தியோப்பிய வீரர் ஹெய்லே லெமி பெர்ஹானு 2016இல் பாஸ்டனை வென்றவர். அதே ஆண்டு துபாயின் சமதளத்தில் 2:04:33 ஓடினார். 2023இல் மும்பையில் போட்டிச் சாதனையோடு அவர் வென்ற நேரம் 2:07:32. ஆண்டு வேறு, வயது வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இங்கே சாதனையே அதுதான் என்றால், நம் ஊரின் ஈரக்காற்றும் மேடும் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளலாம். டெல்லியின் பிப்ரவரிக் குளிரில் 3:25 ஓடியவர் இங்கே 3:30க்குத் திட்டம் போட்டால் கௌரவம் ஒன்றும் குறையாது.

நான் ரயில்வே அணிக்காக 5000 மீட்டர் ஓடியவள். இப்போது சயான் கோலிவாடாவில் இருந்துகொண்டு, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்கள் கொஞ்சம் பேரை ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் விடியற்காலையில் ஓடவைக்கிறேன். தோல் பட்டறைத் தம்பிகள் உண்டு, வங்கியில் ஓய்வுபெற்ற மாமாக்களும் உண்டு. எல்லாருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது அடக்கி ஓடு என்பதைத்தான். பயிற்சி, காயம், பந்தய நாள் மூன்றுக்கும் அதுவே மருந்து. இதை முதல் மாரத்தான் ஓடுகிறவர்களுக்காக எழுதவில்லை. ஏற்கெனவே ஓடி முடித்து, இந்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது வயதுப் பிரிவில் மேலே வர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு.

குறிநேரம் 3:30, அதாவது மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 4:58, 4 நிமிடம் 58 நொடி. இந்த ஓட்டக்காரரின் சாதாரண நாள் ஓட்டம் 5:45க்கும் 6:20க்கும் நடுவில் இருக்க வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள். 5:15இல் ஓடிவிட்டு வாட்சைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள் ஓடினால் மூன்று நாள் மெதுவாகத்தான் இருக்க வேண்டும். மெதுவான நாளில் இதயமும் ரத்தக்குழாயும் வளர்கின்றன, எலும்பும் தசைநாரும் தேறுகின்றன. அதை நடுத்தர வேகத்தில் ஓடினால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, செவ்வாய்க்கிழமை வேக ஓட்டத்துக்குக் கால் மட்டும் செத்திருக்கும். வேகம் சரியா என்று பார்க்க வாட்ச் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் மாமியாரைப் பற்றி முழு வாக்கியத்தில் குறை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் பாதியில் நின்றால் வேகம் அதிகம்.

செவ்வாய்க்கிழமை உழைக்கலாம். 3 கிலோமீட்டர் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கி, அப்புறம் 4:40 அளவில் 2 கிலோமீட்டர் வீதம் நான்கு முறை, நடுவில் இரண்டு நிமிடம் மெல்லோட்டம். கடைசிச் சுற்றை முடிக்கும்போது இன்னொன்று ஓடலாம் போல இருக்க வேண்டும். குப்புற விழுந்து படம் எடுத்துக்கொள்வதெல்லாம் பயிற்சி இல்லை.

ஞாயிறு நீள ஓட்டம்தான் இந்த ஊருக்கென்று வடிவமைக்க வேண்டியது. நான் பார்த்த ஆண்டுகளில் முழு மாரத்தான் வழி பெடர் ரோட்டு மேட்டை இரண்டு முறை தொட்டிருக்கிறது. போகும்போது இருட்டில், கால் புதிதாக இருக்கையில் ஒரு முறை. திரும்பும்போது 35 கிலோமீட்டர் தாண்டி, வெயில் ஏறியபிறகு ஹாஜி அலிப் பக்கமிருந்து இன்னொரு முறை. வழி அவ்வப்போது மாறும், அந்த ஆண்டு வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டம் நவம்பர், டிசம்பரில் ஷிவாஜி பார்க்கைப் பல சுற்று சுற்றிவிட்டு, ஒர்லி வழியாக ஹாஜி அலிக்குப் போய், ஓய்ந்த காலோடு அந்த மேட்டை ஏறி, கெம்ப்ஸ் கார்னர் இறங்கி, மரைன் டிரைவ் முழுக்கப் பந்தய வேகத்தில் ஓடும். மொத்தம் 28லிருந்து 32 கிலோமீட்டர், கடைசி 6 மட்டும் 4:58இல். முடித்ததும் சிஎஸ்எம்டியில் ஸ்லோ லோக்கல் பிடித்து, வேர்வை நாற்றத்தோடு வீடு. ஏற்றத்தை எல்லாரும் பேசுகிறார்கள். தொடையைக் காலி செய்வது கெம்ப்ஸ் கார்னர் இறக்கம். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது, அதில்தான் நார் கிழிகிறது. ஆகவே இறங்கப் பழகுவதும் பயிற்சியில் சேர்த்தி.

பருவம் பற்றி இரண்டு வார்த்தை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையில் மெதுவான கிலோமீட்டரைச் சேர்த்து வையுங்கள், வேகத்தைத் தொடவே வேண்டாம். பேவர் பிளாக் நடைபாதை ஈரத்தில் வழுக்கும். தேங்கிய வெள்ளத்தில், அதுவும் காலில் வெட்டோ கொப்புளமோ இருக்கும்போது, இறங்கவே கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் வரும், நம் மாநகராட்சி வருடா வருடம் எச்சரிப்பது சும்மா இல்லை. தவறி இறங்கிவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள். அப்புறம் அக்டோபர் ஹீட். வேர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பு குளிராது, நாடித் துடிப்பு ஏறும். அந்த மாதம் வேகம் 20, 30 நொடி குறைந்தால் ஓட்டம் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உழைப்பை வைத்து ஓடுங்கள், டிசம்பரில் வேகம் தானாக வரும்.

காயத்துக்கு வருவோம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

வலியோடு ஓடலாமா என்று தினமும் யாராவது கேட்பார்கள். நான் மூன்று கேள்வி கேட்பேன். பத்துக்கு எத்தனை வலி? ஓட ஓடக் கூடுகிறதா? நாளை காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது இன்றைவிட மோசமா? பத்துக்கு இரண்டு, மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் மெதுவாக ஓடலாம். நொண்ட ஆரம்பித்த நொடியே நிறுத்த வேண்டும். ஏனென்றால் நொண்டி ஓடினால் முழங்காலில் இருந்த வலி இடுப்புக்குப் போய்ச் சேரும்.

முன்னங்கால் எலும்பு வலிக்கு மட்டும் தனிச் சட்டம். எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால், பெரும்பாலும் சுமை கூடியதன் எரிச்சல், தூரத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரு விரல் நுனி வைக்கும் இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்தால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், அது எலும்பு விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகும். எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவனை ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து "ஒண்ணுமில்லை, ஓடலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விரிசல் தெரிந்தது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி அதே இடத்தில் நின்றால் எம்ஆர்ஐ வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். இடுப்பு மடிப்பில் ஆழமான வலி என்றால் இன்னும் அவசரம்.

குதிகாலுக்கு மேலே உள்ள நாண் இறுகிப்போவது மாமாக்களின் தேசிய நோய். அதற்கு ஸ்வீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சி இன்றும் நிற்கிறது. உங்கள் கட்டடத்துப் படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலில் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். 15 முறை, மூன்று செட், முழங்காலை நேராக வைத்து. முழங்காலை லேசாக மடக்கி இன்னொரு மூன்று செட். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, 12 வாரம். நாண் குதி எலும்போடு சேரும் இடத்திலேயே வலி என்றால் படிக்குக் கீழே இறக்காமல் தரையிலேயே செய்யுங்கள். ஸ்பிரே, பெல்ட், மசாஜ் கன் எல்லாம் ஆறுதலுக்குத்தான்.

வலியில்லாதவர்களும் வாரம் இரண்டு நாள் ஒற்றைக்காலில் கெண்டைக்கால் தூக்கல், ஸ்குவாட் செய்யுங்கள். எடைக்கு ஜிம் வேண்டாம், 10 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டால் ஆயிற்று. ரோட்டின் ஓரச் சரிவையும் கவனியுங்கள். போகும்போதும் வரும்போதும் இடது ஓரமாகவே ஓடினால் ஒரு கால் மட்டும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். போகும் ஓரத்திலேயே திரும்பி வந்தால் சரியாகிவிடும்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது, ஏனென்றால் ஆண் பயிற்சியாளர்கள் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. மாதவிலக்கு நின்றுபோவது கடும் பயிற்சியின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இலேயே இதைத் தனிப் பிரச்சினையாகப் பெயரிட்டு எழுதியிருக்கிறது, ஆண்களுக்கும் உண்டு. விட்டுவைத்தால் அடுத்தது எலும்பு விரிசல்தான். காரணமில்லாமல் கால் கனத்தால் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாட்டுங்காவில் இதைச் சொல்லிக் கெட்டபெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

ஷூ பற்றித் தம்பிகள் கேட்பார்கள். அடியில் கார்பன் தகடு வைத்த கார்பன் பிளேட் ஷூ உதவும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் நாட்டு மாரத்தான் வீரர் ஷிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2:12:00 ஓடியபோது அப்படி எதுவும் கிடையாது, அந்த நேரம் நாற்பது ஆண்டுக்கு மேல் தேசிய சாதனையாக நின்றது. மாதச் சம்பளத்தில் பாதியை ஷூவில் போடுவதற்கு முன்னால் மெதுவான ஓட்டத்தை மெதுவாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரம் தூரத்தைப் பாதியளவுக்குக் கொண்டுவாருங்கள், வேகத்தை மட்டும் கொஞ்சமாகத் தொட்டு வையுங்கள். இந்த நாட்களில் இல்லாத வலியெல்லாம் வரும். முக்கால்வாசி பயம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில், ஓடும்போது மணிக்கு 30லிருந்து 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரை ஜெல் பாக்கெட் ஒன்றில் 20, 25 கிராம் இருக்கும், நடுத்தர வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவே. ஓஆர்எஸ்ஸை நம்பி ஓடுகிறவர்கள் கவனிக்க: அதில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், உப்புக்கு ஆகும், சக்திக்கு ஆகாது. நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. ஓடிமுடித்ததும் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள், ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இனி மனசு. முதல் 10 கிலோமீட்டரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். பக்கத்துக் கட்டடத்துக்காரர், உங்களிடம் எப்போதும் தோற்பவர், எல்லாரும். போகட்டும். எங்கள் ஆட்கள் வழியில் ஒருவரையொருவர் பார்த்தால் கத்துவது "இன்னும் ஆரம்பிக்கல!" என்றுதான். கடல்மேல் போகும் சீ லிங்க் பாலத்தில் கூட்டம் இருக்காது, காற்று மட்டும் இருக்கும். நாலைந்து பேர் பின்னால் ஒண்டிக்கொள்ளுங்கள், அங்கே வீரம் காட்ட வேண்டாம். மாஹிம், ஷிவாஜி பார்க் பக்கம் வந்தால் மேளம், பிஸ்கட் நீட்டும் குழந்தைகள், பெயர் சொல்லிக் கூப்பிடும் முகம் தெரியாத ஆட்கள். அங்கேதான் ஆபத்து. ஆரவாரத்தில் 15 நொடி வேகம் கூடிவிடும், உங்களுக்கே தெரியாது. சிரியுங்கள், கையசையுங்கள், வாட்சைப் பாருங்கள்.

ஹாஜி அலி வந்ததும் வாட்சை மறந்துவிடுங்கள். மேட்டில் 5:20, 5:25 ஆனால் ஆகட்டும், மூச்சு அதே அளவில் இருக்க வேண்டும். அடியைச் சின்னதாக்கி, கையைக் கொஞ்சம் கூடுதலாக வீசி, பத்தடி முன்னால் தரையைப் பாருங்கள். நடக்கிறவர்கள் வரிசையாக வருவார்கள். அவர்களில் பாதிப் பேர் காலையில் உங்களைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவராகப் பிடியுங்கள், அடுத்த முதுகு மட்டும்தான் கணக்கு. இறங்கும்போது காலை முன்னால் நீட்டாமல் உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். சௌபாத்தி தாண்டினால் மரைன் டிரைவ் முடியவே முடியாது போலத் தெரியும். கடைசிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அடுத்த விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். அடக்கி வைத்தது எல்லாவற்றையும் இப்போது விடலாம்.

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். உப்பும் மாவுமாக எதையாவது சாப்பிடுங்கள், வடா பாவ் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. லோக்கலில் உட்கார இடம் கிடைத்தாலும் இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரு முறை எழுந்து காலை உதறுங்கள். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது, அடுத்த வாரம் மெதுவாக மட்டும். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதைப் பிப்ரவரி பாதி வரைக்கும் தள்ளிப் போடுங்கள்.