தொழில்நுட்பக் கல்லூரியின் வரலாற்றையும் விருதுகளையும் தொகுப்பது எப்படி: திருகோணமலையில் விழா மலர் தயாரிப்போருக்கு ஒரு கைநூல்

ஆண்டு விழா நெருங்கினால் "கல்லூரி வரலாறு" என்று இரண்டு பக்கம் எழுதும் பொறுப்பு யாராவது ஒரு விரிவுரையாளரின் தலையில் விழும். அவர் பழைய மலர் ஒன்றைத் தேடியெடுப்பார். அதிலுள்ளதை அப்படியே தட்டச்சு செய்து, கடைசியில் புதிய கட்டடம் பற்றி ஒரு பந்தி சேர்ப்பார். முதல் மலரில் நுழைந்த பிழை இப்படித்தான் தலைமுறை தாண்டி ஓடுகிறது. விருதுப் பட்டியலின் கதி இதைவிட மோசம். "தேசிய மட்டத்தில் முதலிடம்" என்று இருக்கும். யார் வென்றார், எந்தத் தொழிலில், எந்தப் போட்டியில் என்று இருக்காது.

தொகுக்கத் தொடங்கும் நாளிலேயே இரண்டு விதிகளைக் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆதாரம் காட்ட முடியாத எந்த வரியும் மலரில் ஏறாது. மாணவர் வென்ற விருது அவருடைய பெயர் இல்லாமல் பட்டியலில் ஏறாது. கிண்ணம் கல்லூரி அலுமாரியில் இருந்தாலும் வேலைத் துண்டை அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவந்தவர் அந்த மாணவர்தான்.

எந்த நிறுவனம் என்பதை முதலில் தீருங்கள்

திருகோணமலையில் "ரெக்னிக்கல்" என்று பேச்சில் சொல்வது பல இடங்களைக் குறிக்கும். தொழில்நுட்பக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வருவது. உயர் தொழில்நுட்ப நிறுவகம், 1995ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அமைப்பைச் சேர்ந்தது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் அதே ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருபவை. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையான நைட்டாவின் பயிலுனர் பயிற்சி இவை எல்லாவற்றிலும் வேறானது. உயர் தேசிய டிப்ளோமாக் கற்கைகள் முன்பு தொழில்நுட்பக் கல்லூரிகளில் நடந்து பின்னர் தனி நிறுவகத்துக்குப் போனவை. ஆகவே தொண்ணூறுகளில் கணக்கியல் டிப்ளோமா படித்த ஒருவரின் சாதனையை இன்று இரு நிறுவனங்களும் தமதென்று சொல்லக்கூடும். சான்றிதழில் எந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதோ அதன் கீழ் எழுதுங்கள். மற்றது பற்றி அடிக்குறிப்புப் போதும்.

தொடக்க ஆண்டு என்ற சிக்கல்

ஒரு நிறுவனத்துக்கு நான்கு பிறந்தநாட்கள் இருக்கலாம்: முதல் வகுப்பு நடந்த நாள், நிரந்தரக் கட்டடம் திறந்த நாள், தற்போதைய பெயர் கிடைத்த நாள், வர்த்தமானியில் வந்த நாள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1960இல் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவகம், 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி, 1972இல் கட்டுப்பெத்தை வளாகம், 1978இல் பல்கலைக்கழகம். காணி ஒன்று, பெயர் நான்கு. நாட்டின் தொழில்நுட்பக் கல்வியே 1893இல் மருதானையில் தொடங்கிய அரச தொழில்நுட்பப் பாடசாலையிலிருந்து எண்ணப்படுகிறது. ஆனால் அந்த ஆண்டை மாவட்டக் கல்லூரியின் மலர் தன் தொடக்கமாகப் போட்டுக்கொள்ள முடியாது.

நான்கு திகதிகளையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆதாரத்தைக் குறியுங்கள். பொன்விழா, வைரவிழா எதைக் கொண்டு எண்ணப்படுகிறது என்பதை மலரின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு சண்டை இல்லை.

ஆதாரம் கிடைக்கும் இடங்கள்

முதலில் கல்லூரிக்குள்ளேயே தேடுங்கள். அன்றாட நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகம், மாணவர் அனுமதிப் பதிவேடு, பொருட்பதிவேடு, பரீட்சைப் பெறுபேற்றுக் கோப்பு ஆகிய நான்கும் கிடைத்தால் பாதி வரலாறு கையில். பொருட்பதிவேட்டை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் எந்த ஆண்டில் எந்தப் பட்டறைக்கு என்ன இயந்திரம், எந்த நன்கொடையில் வந்தது என்பதை அதுதான் சொல்லும். புதிய கற்கைநெறி தொடங்கிய காலத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

திணைக்களத்தில் இருக்கும் கோப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கமான அந்தச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "கல்லூரி வரலாறு தொடர்பான எல்லாம்" என்று கேட்டால் கைவிரிப்பார்கள். "இந்த ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் இடையில் இந்தக் கல்லூரிக்கு அனுமதிக்கப்பட்ட கற்கைநெறிகளின் பட்டியல்" என்று கேளுங்கள். பழைய நிர்வாக அறிக்கைகளுக்கும் வர்த்தமானிகளுக்கும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களில் திறப்பு விழாச் செய்தி இருக்கலாம். பழைய மலர்களை "நூலகம்" என்ற பெயரிலுள்ள இணைய எண்ணிம நூலகத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

திகதி இல்லாத கடிதத்துக்குக் காலம் குறிப்பது

கடிதத் தலைப்பே பாதி சொல்லிவிடும். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் "சிலோன்" என்றிருந்தால் பெரும்பாலும் 1972 மே 22க்கு முந்தியது. "சனநாயக சோசலிச" என்ற சொற்கள் வந்தால் 1978 செப்டெம்பருக்குப் பிந்தியது. "வடக்கு கிழக்கு மாகாணம்" என்ற முத்திரை 1988க்கும் 2006இன் முடிவுக்கும் இடைப்பட்டது. அமைச்சின் பெயர் ஆட்சிக்கு ஆட்சி மாறியதால் அதுவும் உதவும். ஒரு எச்சரிக்கை: அச்சடித்த கடிதத்தாள் தீரும்வரை அலுவலகங்கள் பழையதையே பாவிக்கும். ஓரிரு ஆண்டு முன்பின் வர இடம் விட்டு, "ஏறத்தாழ" என்று குறியுங்கள்.

பட்டறையில் இருக்கும் சாட்சி

பழைய லேத், துளையிடும் இயந்திரம், வெல்டிங் டிரான்ஸ்போமர் எல்லாவற்றிலும் பெயர்த்தகடு இருக்கும். ஐந்தாறு தடவை பூசிய பச்சைப் பெயின்ற் அதை மூடியிருக்கும். சுரண்ட வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும். இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தி, தகட்டை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை மேலே வைத்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். தயாரிப்பாளர், தொடர் இலக்கம், சில வேளை ஆண்டும் எழும்பி வரும். எழும்பாவிட்டால் அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தகட்டோடு ஒட்டியபடி பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். கிண்ணங்களின் அடியில் மங்கிய எழுத்தைப் படிக்கவும் இதுவே வழி. கிண்ணத்துக்குப் பிராசோ என்ற உலோக மினுக்கி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். முலாம் மெல்லியதாக இருந்தால் ஒரே தேய்ப்பில் எழுத்து போய்விடும். படமெடுத்து முடியும்வரை எதையும் மினுக்க விடாதீர்கள்.

கடதாசியைக் கையாளுதல்

கடற்காற்றும் ஒக்டோபர் முதல் சனவரி வரையான மாரியும் கடதாசிக்கு எமன். கட்டுகளைப் பிரிக்கும் வேலையைக் கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காமல், தாளின் இருபுறமும் மெல்லிய அட்டைத் துண்டு வைத்துக் கழற்றுங்கள். றப்பர் வளையம், செலோரேப் எதுவும் மீண்டும் ஏறக்கூடாது. லமினேற் செய்வது பாதுகாப்பென்று பலர் நம்புகிறார்கள். சூடும் பசையும் மூலச் சான்றிதழைக் கெடுக்கும். பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. தொலைநகல் தாள்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அவற்றின் எழுத்து தானாகவே மறைந்துகொண்டிருக்கும்.

எழுத்து ஆவணத்துக்கு 300 டி.பி.ஐ., படங்களுக்கு 600. கருப்பு வெள்ளைக் கடிதத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள்; முத்திரையின் நிறமும் ஒரு சாட்சி. கோப்புப் பெயர் ஆண்டில் தொடங்கட்டும்: 1987_விருது_003 என்பதுபோல. "ஸ்கேன் புதியது" என்று பெயரிட்ட கோப்பை அடுத்த வருடம் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது ஊருக்கு வெளியே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாதவை அங்கேயே முடிந்துபோயின. இந்தக் கடற்கரை 2004 டிசம்பரில் சுனாமியையும் கண்டது.

ஆட்களிடம் கேட்பது

ஓய்வுபெற்ற போதனாசிரியர்களும் பழைய மாணவர்களும் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, கந்தளாய் என்று பரந்திருக்கிறார்கள். "எந்த வருசம், சேர்?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். நிகழ்வைப் பிடித்துக் கேளுங்கள். 64 சூறாவளிக்கு முன்னரா? இந்திய இராணுவம் வந்த பிறகா? கிண்ணியாவுக்குப் பாதை எனப்படும் மிதவையில் போன காலமா, 2009இல் பாலம் திறந்த பிறகா? இப்படிக் கேட்டால் ஆண்டு தானாக ஒடுங்கி வரும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லிக் காட்டிவிட்டு "சரிதானே?" என்று கேட்கக்கூடாது, அவரும் தலையாட்டுவார், உங்களிடம் இருப்பது ஒரே சாட்சியின் இரண்டு பிரதி. மூன்று சமூகத்தவரும் படித்த இடம் என்பதால் மூன்று சமூகத்தாரிடமும் கேளுங்கள். ஒரு வட்டத்தின் நினைவு மட்டும் கல்லூரி வரலாறாகிவிடக்கூடாது. பெயர் அச்சாகும் முன் உரியவரின் அனுமதி வேண்டும்.

விருதுப் பதிவேடு

ஒரு எக்செல் தாளில் இந்த நிரல்கள் போதும்: ஆண்டு, விருதின் முழுப்பெயர் சான்றிதழில் உள்ள மொழியிலேயே, வழங்கிய அமைப்பு, மட்டம், தொழில், பெற்ற இடம், மாணவர் பெயரும் அணியும், பயிற்றுவித்தவர், ஆதாரக் கோப்பு இலக்கம், சரிபார்த்தவர். ஆதாரத்தைத் தரம் பிரியுங்கள். சான்றிதழோ வழங்கிய அமைப்பின் பட்டியலோ இருந்தால் "அ". அக்காலச் செய்தித்தாளோ சம்பவத்திரட்டோ என்றால் "ஆ". நினைவு மட்டுமென்றால் "இ". "இ"யை வரலாற்றுக் கட்டுரையில் "நினைவுகூரப்படுகிறது" என்று எழுதலாம். விருதுப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

அதிகம் பிழைப்பது, விருது அல்லாததை விருதாக்குவதில். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவும் கற்கைநெறித் தரஅங்கீகாரமும் விருதல்ல. ஐ.எஸ்.ஓ. 9001 தர முகாமைத்துவத்துக்காக மூன்று ஆண்டுக்கு வழங்கப்படும் சான்று. காலாவதித் திகதியையும் சேர்த்தே எழுத வேண்டும். இவற்றுக்கு "அங்கீகாரங்கள்" என்று தனித் தலைப்புப் போடுங்கள். தேசிய உற்பத்தித்திறன் விருது நிறுவனத்துக்குக் கிடைப்பது, திறன்போட்டிப் பதக்கம் ஆளுக்குக் கிடைப்பது. இரண்டையும் ஒரே நிரையில் கலக்காதீர்கள். உலகத் திறன் போட்டியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் தவிர, குறித்த புள்ளியை எட்டியவர்களுக்குச் சிறப்புப் பதக்கமும் உண்டு. அது பெருமைக்குரியதுதான், ஆனால் "உலகில் மூன்றாமிடம்" ஆகாது. பங்குபற்றியதற்கான சான்றிதழை "சர்வதேச விருது" என்று எழுதினால், உண்மையாகவே வென்ற பிள்ளையின் வரியும் சந்தேகத்துக்குள்ளாகும். பணம் கட்டினால் கிடைக்கும் "சர்வதேசத் தர விருதுகள்" பற்றிய மின்னஞ்சல்களும் வரும். தெரிவு அளவுகோல் என்ன, நடுவர் யார், விருந்துக்கும் கேடயத்துக்கும் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

தேசிய தொழில் தகைமை முறை வருவதற்கு முந்திய சான்றிதழுக்கு இன்றைய மட்டத்தைப் பொருத்தி "என்.வி.கியூ. 4" என்று எழுதவே கூடாது. அக்காலப் பெயரையும் கால அளவையும் உள்ளபடி தாருங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் ஒருவர் உங்கள் மலரைச் சான்றாக நீட்டினால் அது அவருக்கே வினையாகும்.

பெயர் எழுத்துக்கு நேரம் செலவழியுங்கள். சந்திரன் என்ற பெயர் ஆங்கிலத்தில் "எஸ்" எழுத்திலும் தொடங்கலாம், "சி" எழுத்திலும் தொடங்கலாம். முஸ்லிம் பெயர்களில் தந்தை பெயர் முன்வரும், முதலெழுத்துகள் மூன்று நான்கு இருக்கும். அனுமதிப் பதிவேடு, சான்றிதழ், உரியவரின் அடையாள அட்டை மூன்றையும் ஒப்பிட்டு, மூன்று மொழியிலும் எழுதி, அவரிடமே காட்டி ஒப்பம் வாங்குங்கள். அவர் இல்லையென்றால் வீட்டாரிடம் காட்டுங்கள்.

அச்சுக்கு முன்

முழுப் பட்டியலையும் ஒரு மாதம் கல்லூரி அறிவித்தல் பலகையில் ஒட்டி, பழைய மாணவர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். விடுபட்ட பெயர்கள் அப்போதுதான் வந்து சேரும். ஆதாரத்தோடு வந்தால் மட்டும் சேருங்கள். மலரின் பின்னிணைப்பில் ஆதாரக் கோப்பு இலக்கங்களை அச்சிடுங்கள். அச்சான பின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று நகரப் பொது நூலகத்துக்கு, ஒன்று சுவடிகள் திணைக்களத்துக்கு. எண்ணிமப் பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள். எக்செல் தாளை யார் தொடர்வது என்பதைப் பதவியின் பெயரில் எழுதி அதிபரின் ஒப்பத்தோடு கோப்பிலிடுங்கள். ஆளின் பெயரில் எழுதினால் அவர் இடமாற்றம் பெற்றதும் பதிவேடு அன்றோடு நின்றுவிடும்.