வாடிக்கையாளர் தரவை விற்பனைக்குப் பயன்படுத்துவது எப்படி: கொழும்புக் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளவத்தையில் ஒரு நடுத்தரப் புடவைக்கடை நாளுக்கு 100 பில் போடுகிறது, ஒரு பில்லில் 3 பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருளுக்கு ஒரு வரி என்று, மூன்று வருடத்தில் கணினி அட்டவணையில் 3 லட்சம் வரிகளுக்கு மேல் சேர்ந்துவிடும். அதற்கு மேல், வாங்குபவருக்குப் புள்ளி சேர்க்கும் லோயல்டி காட் படிவங்கள், பேஸ்புக் விளம்பரக் கணக்கு, வட்ஸ்அப் ஓடர்கள். பெரிய நிறுவனங்கள் பெருந்தரவு (big data) என்று சொல்வதில் வரிகள் இன்னும் அதிகம், சிக்கல்கள் இவையேதான். பயன் அந்த அட்டவணையின் ஒரு சில நிரல்களிலிருந்து (columns) வருகிறது. ஆபத்து, யாரும் திறந்து பார்க்காமல் சேர்த்துவைத்த மற்ற நிரல்களில் கிடக்கிறது. அதனால் வேலையை நிரல்களைக் குறைப்பதில் தொடங்குங்கள்.

ஆறு நிரல் போதும்

தொலைபேசி இலக்கம், வாங்கிய திகதி, பில் தொகை, பொருள் வகை, எந்த மொழியில் செய்தி வேண்டும், செய்தி அனுப்பச் சம்மதித்த திகதி. இந்த ஆறும் இருந்தால், ஒருவர் கடைசியாக எப்போது வந்தார், வருடத்தில் எத்தனை தடவை வந்தார், எவ்வளவு செலவழித்தார் என்ற மூன்றும் தெரிந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர் ஆறு மாதமாக வரவில்லை என்றால், அவருக்குத்தான் முதலில் செய்தி போகவேண்டும். அதைக் கண்டுபிடிக்க அவருடைய வயதும் தொழிலும் தேவையே இல்லை.

அடையாள அட்டை இலக்கத்தை வாங்கவே வாங்காதீர்கள். பழைய அட்டையில் முதல் 2 இலக்கங்கள் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கங்கள் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதில் 500 கூட்டப்பட்டிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் முறை அதுதான், வருடம் மட்டும் 4 இலக்கம். ஆக, ஒரே கட்டத்தில் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே வாங்கிவிடுகிறீர்கள். தபால் குறியீடு, பிறந்த திகதி, பால் ஆகிய மூன்றையும் மட்டும் கொண்டு அமெரிக்க மக்களில் 87 வீதமானோரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார். கொழும்பு 06 (வெள்ளவத்தை) என்பதோடு வீதியின் பெயரும் சேர்ந்துவிட்டால், பெயர் நிரலை அழித்துவிட்டுக் கோப்பைக் கொடுப்பதில் பாதுகாப்பு எதுவும் மிஞ்சாது.

இனம், மதம் என்று நிரல் வைக்காதீர்கள். பெயரைப் பார்த்து ஊகித்து நிரப்பவும் வேண்டாம். 1983 யூலையில் இதே நகரத்தில் கலவரக்காரர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். ஒரு பட்டியல் யார் கைக்குப் போகும் என்பதை அதை எழுதியவர் தீர்மானிக்க முடியாது. தீபாவளிச் செய்திக்கு மதம் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. போன தீபாவளிக்கு முந்திய மூன்று வாரத்தில் வாங்கியவர்கள் யார் என்று எடுத்தாலே போதும்.

சுத்தம் செய்தல்

ஒரே இலக்கம் 0 உடன் ஒருமுறையும், 94 உடன் ஒருமுறையும், முன் 0 இல்லாமல் இன்னொரு முறையும் பதிந்திருக்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள 0ஐத் தின்றுவிடுவதுதான் மூன்றாவதற்குக் காரணம். இடைவெளியையும் கோடுகளையும் நீக்கி, கடைசி 9 இலக்கங்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். பெயரை வைத்து ஆட்களைப் பொருத்தவேண்டாம். சிவகுமாரும் முகம்மதும் ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதப்படும் ஊர் இது.

ஒரே இலக்கத்தில் ஒரு நாளைக்கு மூன்று பில்லுக்கு மேல் இருந்தால் தனியாக எடுத்துப் பாருங்கள். காட் இல்லாத வாடிக்கையாளர்களின் புள்ளிகளைக் காசாளர் தன் இலக்கத்தில் போட்டுக்கொள்வது நடக்கும். அதைப் பிரிக்காவிட்டால், உங்கள் 'சிறந்த வாடிக்கையாளர்' உங்கள் கடையிலேயே வேலை செய்பவராக இருப்பார்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடுவது இன்னொரு பொறி. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31, 2025இல் ஒக்டோபர் 20. ஒக்டோபரை ஒக்டோபரோடு ஒப்பிட்டால், 2024இல் விற்பனை பாய்ந்தது போலத் தெரியும்; அதற்கு விளம்பரம் காரணம் என்று யாராவது அறிக்கை எழுதிவிடுவார்கள். 'தீபாவளிக்கு எத்தனை நாள் முன்' என்று எண்ணி ஒப்பிடுங்கள். நோன்புப் பெருநாளுக்கும் அப்படியே. போயா நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்தி உண்மையில் விற்றதா?

தரவின் மிகப் பெரிய பயன் இங்கேதான் இருக்கிறது, பலர் தவறவிடுவதும் இங்கேதான். பட்டியலில் 4,000 பேர் இருந்தால் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். தொலைபேசி இலக்கம் இரட்டை எண்ணில் முடிபவர்களுக்கு அனுப்புங்கள், ஒற்றை எண்ணில் முடிபவர்களை விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து, அனுப்பிய 2,000 பேரில் 130 பேர் வாங்கியிருக்கிறார்கள், அனுப்பாத 2,000 பேரில் 100 பேர் என்று வைப்போம். செய்தி கொண்டுவந்தது 30 பேரை. மற்ற 100 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். ஒரு பில்லுக்கு 500 ரூபா விலைக்கழிவு கொடுத்திருந்தால் 130 பேருக்கும் சேர்த்து 65,000 ரூபா போயிருக்கும். ஒரு பில்லில் இலாபம் 2,000 ரூபா என்றால், கூடுதலாக வந்த 30 பேரால் கிடைத்தது 60,000. எஸ்எம்எஸ் செலவைக் கூட்டுவதற்கு முன்பே நட்டம். 130 என்ற எண்ணை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

செய்தி அனுப்பாமல் ஒதுக்கும் கூட்டம் சின்னதாக இருக்கக்கூடாது. 200 பேரை மட்டும் ஒதுக்கினால், 10 பேர் வாங்கவேண்டிய இடத்தில் தற்செயலாகவே 4 முதல் 16 பேர் வரை வாங்கலாம். மேலே சொன்ன 30 பேர் வித்தியாசமே தற்செயலின் எல்லையைச் சற்றுத்தான் தாண்டுகிறது. பத்துப் பதினைந்து பேர் வித்தியாசத்தை வைத்து வெற்றி என்று முடிவு கட்டவேண்டாம்.

தமிழில் அனுப்பும்போது நீளத்தையும் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழிலும் சிங்களத்திலும் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். 'தீபாவளிக்குப் புதுச் சேலைகள் வந்துள்ளன' என்பது கண்ணுக்கு 20 எழுத்தும் 3 இடைவெளியும். கணக்கில் 38 இடம். அதோடு கடைப் பெயரும் முகவரியும் சேர்ந்தால் 70ஐத் தாண்டி இரண்டு எஸ்எம்எஸ் காசு போகும். அப்படியிருந்தும் தமிழ் கேட்டவருக்குத் தமிழில்தான் அனுப்பவேண்டும். சொல்லைச் சுருக்குங்கள், மொழியை மாற்றாதீர்கள்.

பட்டியலை வெளியே கொடுக்கும்போது

வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்களை ஒரே குழுவில் சேர்த்தால் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் புரோட்காஸ்ட் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அதில் 256 பேர்தான், அதுவும் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

பேஸ்புக்கில் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும்போது இலக்கங்கள் ஹாஷ் செய்யப்படுகின்றன, அதாவது ஒவ்வொரு இலக்கமும் பார்த்தால் புரியாத, ஆனால் எப்போதும் மாறாத ஒரு குறியீடாக மாற்றப்படுகிறது, ஆகவே பயமில்லை என்று விளம்பர முகவர்கள் சொல்வதுண்டு. இலங்கையின் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 இல் தொடங்கி இன்னும் 8 இலக்கங்கள். மொத்தச் சாத்தியமே 10 கோடிதான். ஒரு சாதாரண மடிக்கணினி அத்தனையையும் சில நிமிடத்தில் ஹாஷ் செய்து, எது எந்த இலக்கம் என்று பொருத்திவிடும். ஹாஷ் செய்த கோப்பையும் இலக்கங்கள் உள்ள கோப்பாகவே கருதிக் கையாளுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பகுதி பகுதியாகவே அமுலுக்கு வருகிறது, ஆனால் அது கேட்பதை இப்போதே செய்துவைப்பது இலேசு. விளம்பரச் செய்திக்குச் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்ல இலவசமான வழி தரவேண்டும். இனம், மதம், உடல்நலம், சிறுவர் பற்றிய தகவல்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. மீறினால் ஒரு சம்பவத்துக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். படிவத்தில் சம்மதக் கட்டத்தை முன்கூட்டியே சரி போட்டு வைக்காதீர்கள், வாடிக்கையாளரே போடட்டும்.

முழுப் பட்டியலையும் தரவிறக்கும் அனுமதியை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஊழியர் விலகும் அன்றே அவருடைய கடவுச்சொல்லை நிறுத்துங்கள். மூன்று வருடமாக எதுவும் வாங்காதவரின் இலக்கத்தை அழித்து, பில் தொகையையும் திகதியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் போக்கைப் பார்க்க அது போதும். கடைக் கணினியில் அழித்ததோடு வேலை முடியாது. கூகுள் ஷீட்டில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று திறந்து விட்ட பிரதி, காசாளரின் பென்டிரைவ், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிய பழைய பட்டியல்கள் ஆகிய மூன்றையும் தேடிப்பிடித்து அழியுங்கள்.