குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைக் கோருவது எப்படி?

பிரிந்து வாழும் தாய் தன் குழந்தைக்காகத் தந்தையிடம் பராமரிப்புத் தொகை கோர, விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக மாறியுள்ள விதியின்கீழ், எம்மதத்தவரும் தாம் வசிக்கும் பகுதிக்குரிய குடும்ப நல நீதிமன்றத்திலேயே மனு அளிக்கலாம்.

மனுவுடன் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிக் கட்டண ரசீதுகளையும் மருத்துவச் செலவுச் சீட்டுகளையும் இணையுங்கள். இவற்றைவிட முக்கியமானது வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை விவரிக்கும் பிரமாணப் பத்திரம். இரு தரப்பினரும் இதைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் கூறிய உச்ச நீதிமன்றம், தொகையை மனு தாக்கலான நாளிலிருந்தே வழங்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தம் சம்பளத்தை மறைத்துவிட்டு எதிர்த்தரப்பின் சம்பளத்தை மட்டும் தோண்டுவது தம் மனுவையே பலவீனப்படுத்தும். இடைக்காலத் தொகைக்கான மனுவையும் அன்றே போட்டுவிடுங்கள்; மூல வழக்கு முடியப் பல மாதங்கள் ஆகலாம், பள்ளிக்கூடமோ கட்டணத்துக்குக் காத்திருக்காது.

உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால், அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். அதற்காகக் குழந்தையைத் தந்தை சந்திப்பதைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. சந்திப்பு உரிமை தனியே முடிவு செய்யப்படுவது.