ஹேண்டிக்கு 49 செ.மீ. வால்

ஹாம் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஹேண்டிக்கு (கையடக்க ரேடியோ செட்டுக்கு) புது ஆன்டெனா வாங்க ஓட வேண்டாம், வாலாகத் தொங்கவிட 49 செ.மீ. இன்சுலேஷன் ஒயர் போதும். ஒரு முனையைச் சீவி, ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோக வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆன்டெனாவை இறுக்குங்கள். மறுமுனை சும்மா தொங்கட்டும். ஒயர் நடு ஊசியைத் தொட்டால் ஷார்ட்; செட்டே போய்விடலாம்.

ஹேண்டியில் இருப்பது பாதி ஆன்டெனாதான். மறுபாதி வேலையை உங்கள் கையும் உடம்பும் அரைகுறையாகச் செய்கின்றன. 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அலைநீளத்தில் ஏறத்தாழ கால்வாசி வரும் இந்த ஒயர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் சீவிய செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும். முனைக்கு ஈயம் பூசிவிடுங்கள்.

435 மெகாஹெர்ட்ஸ் என்றால் 16 செ.மீ. வெட்டுங்கள். மொட்டைமாடி ஆன்டெனாவோடு இணைத்திருந்தால் வால் தேவையில்லை. வேளிமலை குறுக்கே நின்றால் வாலும் உதவாது, இடம் மாறித்தான் பேச வேண்டும்.