பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மரம் அனுப்பும் முன்

பலகை கோணுகிறது, பிளைவுட்டில் ஒட்டு விடுகிறது, புதிய மரவகை தாங்குமா என்று வாங்குபவர் கேட்கிறார். இதற்கெல்லாம் பல்கலைக்கழகங்களின் மர அறிவியல் துறைகள் உண்மையாகவே கைகொடுக்கும். ஆனால், கையில் அகப்பட்ட ஒரு துண்டை அனுப்பி “சோதித்துச் சொல்லுங்கள்” என்றால், அந்த ஒரு துண்டைப் பற்றிய எண் மட்டுமே திரும்பி வரும். உங்கள் ஆலையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஆலையில் தவறாக எடுத்த மாதிரியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் சரிசெய்ய முடியாது.

முதலில் உங்கள் கேள்வி எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். நியமத்தில் தேறுகிறதா என்பது ஒரு வகை. ஏன் கெடுகிறது என்பது இன்னொன்று. புதிய பசை, புதிய மரம், புதிய கட்டுமான முறை என்றால் அது ஆராய்ச்சி. முதல் வகைக்கு, அந்த ஆய்வகத்துக்கு, சோதனைக்கூடங்களுக்கான பன்னாட்டு நியமமான ஐ.எஸ்.ஓ. 17025-இன் அங்கீகாரம் இருக்கிறதா, குறிப்பாக உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத அறிக்கை ஆலைக்குள் முடிவெடுக்க உதவும். சான்றிதழ் தரும் அமைப்பு பெரும்பாலும் அதை ஏற்காது.

ஈரப்பதத்தை முதலில் சரியாக அளந்துகொள்ளுங்கள், மற்ற எல்லாச் சோதனையும் அதன்மேல்தான் நிற்கிறது. பலகையின் முனை வேகமாகக் காயும் என்பதால், முனையிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி, நார் ஓட்டத்தின் திசையில் 25 மி.மீ. அளவுக்குக் குறுக்குத்துண்டு அறுங்கள். சிலும்பைத் தட்டிவிட்டு அப்போதே எடை பாருங்கள். பிறகு 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். ஈர எடை 62.5 கிராம், உலர் எடை 50 கிராம் என்றால் வித்தியாசம் 12.5, அதை உலர் எடையால் வகுத்தால் 25 சதவீதம். ஈர எடையால் வகுத்து 20 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஊசி குத்தும் மீட்டரை வைத்திருப்பவர்கள், தங்கள் மரவகையில் சில பத்துத் துண்டுகளை மீட்டரிலும் அடுப்பிலும் அளந்து திருத்த அட்டவணை போட்டுத் தருமாறு துறையைக் கேட்கலாம். நார்ச்சுவர் இனி நீரை ஏற்காத அளவுக்கு நிறைந்த நிலை, அதாவது நார் தெவிட்டும் நிலை, சுமார் 30 சதவீதம்; அதற்கு மேல் அந்த மீட்டரை நம்ப வேண்டாம்.

வலிமைச் சோதனையில் இரண்டு வழிகள் உண்டு. கணு, விரிசல் இல்லாத சிறு துண்டுகளைச் சோதிப்பது மரவகையை அறிய. முழு அளவுச் சட்டங்களைச் சோதிப்பது நீங்கள் விற்கும் பொருளை அறிய. அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். டி 143 நியமத்தின் சிறிய வளைவுத் துண்டு 25 × 25 × 410 மி.மீ.; தாங்கிகளுக்கு இடையே 360 மி.மீ., நடுவில் சுமை. 2,000 நியூட்டனில் முறிந்தால் வளைவு வலிமை சுமார் 69 மெகா பாஸ்கல். கணக்கில் தடிமனின் வர்க்கம் வருவதால், தடிமனை அரை மி.மீ. தவறாக அளந்தாலே விடை 4 சதவீதம் பிசகும். ஈரமும் அப்படித்தான்: ஒரு சதவீத ஈர மாற்றத்துக்கு வளைவு வலிமை ஏறத்தாழ 4 சதவீதம் மாறும். அதனால்தான் துண்டுகளை 20 டிகிரி, 65 சதவீதக் காற்று ஈரத்தில் எடை நிலைப்படும்வரை வைத்து, மரத்தின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகு முறிக்கிறார்கள். அவசரம் என்று இந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

மாதிரியை அடுக்கின் மேல், நடு, அடியிலிருந்தும், வெவ்வேறு நாள் உற்பத்தியிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதுபோல எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். கட்டுமானக் கணக்கு சராசரியைப் பார்ப்பதில்லை; நூறில் மிகப் பலவீனமான ஐந்து எங்கே நிற்கிறது என்று பார்க்கிறது. பத்துத் துண்டுகளில் அது தெரியாது.

பிளைவுட் ஒட்டுக்கு ஐரோப்பிய இ.என். 314 நியமத்தின் கடுமையான வகுப்பில் துண்டுகளை 4 மணிநேரம் கொதிக்கவைத்து, 60 டிகிரியில் 16 முதல் 20 மணிநேரம் உலர்த்தி, மீண்டும் 4 மணிநேரம் கொதிக்கவைத்து, குளிரவைத்து இழுக்கிறார்கள். அறிக்கையில் வலிமை எண்ணோடு, முறிந்த முகத்தில் எவ்வளவு மரநார் ஒட்டியிருக்கிறது என்ற சதவீதமும் இருக்கும். இரண்டையும் சேர்த்தே படியுங்கள். சராசரி 1 நியூட்டன்/ச.மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மரநார் பார்க்கப்படாது, 0.4 முதல் 0.6 வரை என்றால் 60 சதவீதமாவது வேண்டும். வலிமையும் குறைவு, மரநாரும் இல்லை என்றால் குற்றம் ஒட்டில்: பசை தடவி அழுத்தும் முன் காய்ந்திருக்கும், உரித்த மெல்லிய மரத்தகடு ஈரமாக இருந்திருக்கும், அல்லது பிரஸ்ஸின் சூடு உள்மடிப்புக்கு எட்டியிருக்காது. மரநார் நிறைய இருந்தும் வலிமை குறைந்தால், தகடு உரிக்கும்போதே உள்விரிசல் விழுந்திருக்கும். உரிக்கும் இயந்திரத்தின் கத்தியையும் அழுத்துகோலையும் பாருங்கள், பசையை மாற்றிப் பயனில்லை.

பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் வாயுவின் சோதனைக்குத் துண்டுகளை அறுத்த உடனே காற்றுப்புகாமல் சுற்றி அனுப்புங்கள். திறந்து கிடந்தால் வாயு போய்விடும், எண் பொய்யாக நன்றாக வரும். துளைப்பான் (பெர்ஃபொரேட்டர்) முறை பலகைக்குள் எவ்வளவு இருக்கிறது என்றும், அறை முறை வெளியே எவ்வளவு வருகிறது என்றும் சொல்வதால் ஒன்றின் எண்ணை இன்னொன்றின் வரம்போடு ஒப்பிடக் கூடாது. அறை முறையில் அமெரிக்க வரம்பு ஹார்ட்வுட் பிளைவுட்டுக்கு 0.05 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), துகள்பலகைக்கு 0.09, நடுத்தர அடர்த்தி நார்ப்பலகையான எம்.டி.எஃப்.க்கு 0.11. அங்கே விற்க அங்கீகரிக்கப்பட்ட மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும், பல்கலைக்கழக அறிக்கை மட்டும் போதாது.

பூஞ்சைச் சோதனைக்கு மாதக்கணக்கில் ஆகும். 19 மி.மீ. கனசதுரங்களைப் பூஞ்சை வளரும் மண் குடுவையில் வைத்து, எத்தனை சதவீதம் எடை இழந்தது என்று பார்க்கிறார்கள். வைரத்தையும் (நடுவிலுள்ள முற்றிய மரம்) வெளிமரத்தையும் கலந்து அனுப்பினால் முடிவு எதற்கும் உதவாது. எந்த மரத்திலும் வெளிமரம் உளுக்கும்.

உலர்த்தும் அறையில் தவறா என்று அறிய ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. குறுக்குத்துண்டின் நடுவை வெட்டியெடுத்துக் கவைபோல ஆக்குங்கள். அறுத்தவுடன் இரு காலும் உள்நோக்கி வளைந்தால் உலர்த்தலில் இறுக்கம் தங்கிவிட்டது; கடைசிக் கட்டத்தில் நீராவி விட்டுத் தளர்த்த வேண்டும். சில மணிநேரம் கழித்து வளைந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

ஆராய்ச்சிக் கூட்டு வேறு கணக்கு. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைச்சாங் லி, பாறையில் ஒட்டும் சிப்பியின் புரதத்தைப் பார்த்து உருவாக்கிய சோயா பசை, ஃபார்மால்டிஹைட் சேர்க்காத பிளைவுட்டாக ஆலைக்கு வந்தது. 2023-இல் சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அதிர்வு மேசையில் 10 மாடி மரக்கட்டடம் நில அதிர்வுக்கு உட்படுத்தப்பட்டது. எந்த ஆலையும் தனியாகச் செய்ய முடியாத வேலைகள் இவை. உங்கள் அளவில் தொடங்குவதானால், ஒரு முதுகலை மாணவரின் ஆய்வுக்காலத்தில் முடியும் ஒரே கேள்வியைக் கொடுங்கள். முடிவை எப்போது வெளியிடலாம், காப்புரிமை யாருக்கு, உங்கள் செய்முறை விவரம் எவ்வளவு வெளியே போகலாம் என்பதை முதல் துண்டு அறுபடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். மாணவருக்கு ஆய்வேடு வெளியிட்டாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அறிக்கை வந்ததும் ஆலையில் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே முறையில் எடுத்த மாதிரியை அதே சோதனைக்கு மறுபடி அனுப்புங்கள். முதல் தொகுதியின் மீதித் துண்டுகளைத் தேதியும் அடுக்கு எண்ணும் எழுதிப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாம் முடிவு முரண்பட்டால் ஒப்பிட அவை வேண்டியிருக்கும்.