டிஃபன்ஸைப் புதிதாகக் கட்டும் டீமை எப்படி எடை போடுவது?

ஒரு டீம் நாலு மேட்ச் தொடர்ந்து கோல் வாங்கினால் நம்ம குமரிக் கடற்கரையில் நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரைக்கும் எந்த கிரவுண்டில் போய் நின்றாலும் ஒரே பேச்சுதான்: "அந்த ஸ்டாப்பரைத் தூக்குங்க." ஸ்டாப்பர் என்றால் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டர். புது ஸ்டாப்பர் வருவார், அவரும் கோல் வாங்குவார், அடுத்த வாரம் அவரையும் தூக்கச் சொல்வோம். கோல் விழும்போது டிவியில் யார் பக்கத்தில் தெரிகிறாரோ அவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். டிஃபன்ஸ் அப்படித் தனித்தனி ஆளாக ஓடுகிற விஷயமே இல்லை. ஒருவருக்கு இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், முன்னால் யார், பின்னால் எந்த கோலி (கோல்கீப்பர்) என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த டீமையே எடுத்துக்கொள்வோம். 2017-18 சீசன் ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) சென்னையின் எஃப்சி லீக் கட்டத்தில் 18 மேட்சில் வாங்கியது 19 கோல். இறுதியில் பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று சாம்பியன். அந்த ஃபைனலில் ஸ்டாப்பர் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த வருடம் அதே 18 மேட்சில் 32 கோல், 9 புள்ளி, கடைசி இடம். மைல்சன் அதே மைல்சன்தான், இடது ஓர டிஃபெண்டர் (லெஃப்ட் பேக்) ஜெர்ரியும் இருந்தார். ஆனால் மைல்சன் பக்கத்தில் நின்ற கேப்டன் செரெனோ போய்விட்டார், முன்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டிருந்த நம்ம தமிழ்நாட்டுப் பையன் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் வெளியே. அந்தச் சரிவுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை, முன்வரிசையும் அந்த வருடம் மோசம்தான். இருந்தாலும் ஒரே ஆள், சுற்றி நிற்பவர்கள் மாறியதும், எவ்வளவு வேறு ஆளாகத் தெரிகிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டு வாங்குங்கள். ஃபோனில் எழுதினாலும் சரிதான், ஆனால் எழுத வேண்டும். மேட்ச் தொடங்கும் முன் பின்வரிசை நாலு பேர் அல்லது மூன்று பேர், கோலி, அவர்களுக்கு நேர் முன்னால் நிற்கும் டிஃபன்சிவ் மிட்ஃபீல்டர், இவர்கள் பெயரை நிற்கிற வரிசையிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு மேட்சுக்கும் இதைச் செய்தால் சில வாரத்திலேயே ஒன்று தெரிந்துவிடும், அதாவது ஒரே கூட்டணி தொடர்ந்து ஆடுகிறதா, இல்லை வாரத்துக்கு ஒரு ஜோடியா என்று. வாரத்துக்கு ஒரு ஜோடி என்றால் அந்த டிஃபன்ஸை இன்னும் எடை போடவே முடியாது, ஏனென்றால் கட்டவே ஆரம்பிக்கவில்லை.

கோலை எண்ணாதீர்கள், பின்னால் ஓட்டிப் பாருங்கள்

கோல் விழுந்ததும் ரீப்ளேயில் காட்டுவது கடைசி மூன்று வினாடி. அது போதாது. ஹைலைட்ஸையோ முழு மேட்சையோ வைத்துக்கொண்டு கோலுக்கு முன்னால் ஒரு பதினைந்து வினாடி ஓட்டிப் பாருங்கள். பந்து எங்கே பறிபோனது? அப்போது நம்ம விங் பேக் (ஓரத்தில் ஏறி இறங்கும் டிஃபெண்டர்) இரண்டு பேரும் எங்கே நின்றார்கள்? முதலில் தன் இடத்தைவிட்டு வெளியே போன டிஃபெண்டர் யார், அவர் விட்ட இடத்துக்கு யாராவது வந்தார்களா? இதை நோட்டில் ஒரு வரியில் எழுதிவிட்டு, கோல் எந்த வகை என்று பக்கத்தில் குறியுங்கள். நான் பிரிப்பது இப்படி: நாம் அட்டாக் போய் பந்தை இழந்து கவுன்டரில் வாங்கியது, விங்கிலிருந்து கிராஸ், நடுவில் டிஃபெண்டர்களைத் தாண்டி உள்ளே விடும் பாஸ் (த்ரூ பால்), கார்னர் ஃப்ரீ கிக் வகையறா, அப்புறம் யாரோ ஒருவர் சும்மா சொதப்பியது.

இந்த வகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கிடையாது. கார்னரில் வாங்குகிற கோல் பயிற்சியில் சீக்கிரம் சரியாகும், நல்ல செட் பீஸ் (கார்னர், ஃப்ரீ கிக்) கோச் ஒருவர் வந்தாலே குறையும். தனி ஆள் சொதப்பல் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அது எல்லா டீமுக்கும் வரும். கவுன்டரில் திரும்பத் திரும்ப வாங்குகிற டீம்தான் பயப்பட வேண்டிய டீம், ஏனென்றால் அங்கே கோளாறு பின்வரிசையில் இல்லை. பந்து நம் காலில் இருக்கும்போதே எல்லாரும் மேலே ஏறிவிடுகிறார்கள், மிட்ஃபீல்டில் ஆள் இல்லை, ஸ்டாப்பர் இரண்டு பேர் மூன்று ஃபார்வேர்டைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த நிலையில் உலகத்தில் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் கோல் விழும்.

புள்ளிவிவரம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளியரன்ஸ், டாக்கிள், பிளாக் எண்ணிக்கையை வைத்து டிஃபெண்டரைப் பாராட்டாதீர்கள். ஒரு ஸ்டாப்பர் மேட்சுக்குப் பதினைந்து கிளியரன்ஸ் செய்கிறார் என்றால் பந்து எந்நேரமும் அவர் பெனால்டி பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று அர்த்தம். அதைவிட எக்ஸ்ஜி பயன்படும், அதாவது எதிரி அடித்த ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்று கூட்டிச் சொல்லும் எண். பெனால்டிக்கு முக்காலுக்குக் கொஞ்சம் மேலே, முப்பது கெஜத்திலிருந்து அடித்த ஷாட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த எண் கிடைக்காவிட்டால் எதிரி எங்கிருந்து அடிக்கிறார் என்று பெட்டி வரைந்து புள்ளி வையுங்கள். கோல் குறையாவிட்டாலும் புள்ளிகள் வாரா வாரம் பெட்டிக்கு வெளியே நகர்கின்றன என்றால் டிஃபன்ஸ் சரியாகிக்கொண்டிருக்கிறது.

முதல் மூன்று மேட்சில் தீர்ப்பு எழுதாதீர்கள்

மோகன் பகான் 2024-25 ஐஎஸ்எல்லில் செய்ததை டிஃபன்ஸ் பற்றிப் பேசுகிற எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். டாம் ஆல்ட்ரெட், ஆல்பெர்ட்டோ ரொட்ரிகஸ் என்று இரண்டு ஸ்டாப்பரும் புதுசு, கோச் மொலினாவும் அந்த சீசனுக்கு வந்தவர். முதல் மேட்ச் மும்பையோடு 2-0 என்று முன்னால் இருந்து 2-2. அடுத்தது நார்த் ஈஸ்ட்டை 3-2 என்று ஜெயித்தாலும் மறுபடி இரண்டு கோல் வாங்கினார்கள். மூன்றாவது, பெங்களூருவிடம் 3-0 தோல்வி. மூன்று மேட்சில் ஏழு கோல். அப்போது எடுத்த எடுப்பிலேயே இரண்டு ஸ்டாப்பரையும் மாற்றியிருந்தால்? மாற்றவில்லை. மிச்சமிருந்த 21 லீக் மேட்சில் வாங்கியது வெறும் 9 கோல். லீக் முதலிடத்துக்கான ஷீல்டும் அவர்களுக்கு, ஃபைனல் ஜெயித்தால் கிடைக்கும் கோப்பையும் அவர்களுக்கு. பின்னால் நின்ற கோலி விஷால் கெய்த் 2022 வரைக்கும் சென்னையின் கோலி, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கேட்காது.

பொறுமையாக இருங்கள் என்று சொல்வது எளிது. எவ்வளவு பொறுமை என்பதுதான் கேள்வி. ஒரே ஜோடி எட்டு, பத்து மேட்ச் சேர்ந்து ஆடட்டும், அதற்கு முன் சொல்வதெல்லாம் ஊகம் என்பது என் கணக்கு. காயம், சஸ்பென்ஷன் வந்து ஜோடி பிரிந்தால் அந்த மேட்சுகளைத் தனியாக வையுங்கள்.

பந்தைப் பார்க்காதீர்கள்

நம்ம பக்கத்தில் இது கஷ்டம், தெரியும். மணலில் விளையாடி வளர்ந்த நமக்கு கண் எப்போதும் டிரிப்ளிங் செய்கிறவர் காலில்தான் இருக்கும். ஆனால் டிஃபன்ஸைப் படிக்க வேண்டுமென்றால் பந்து இல்லாத பக்கம் பார்க்க வேண்டும், டிவி கேமரா அதைக் காட்டாது. அதனால் ஊர் டோர்னமெண்டிலேயே பழகுங்கள்: லைன் ஓரம் நிற்பதை விட்டுவிட்டு கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் நாலு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளி கண்ணாடி மாதிரித் தெரியும். திருவனந்தபுரம் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கு அந்த ஊர் டீமான கொம்பன்ஸ் மேட்ச் பார்க்கப் போனாலும், ராத்திரி ரயில் பிடித்து சென்னை நேரு ஸ்டேடியத்துக்குப் போனாலும், ஒரு பாதியாவது கோலுக்குப் பின்பக்க கேலரியில் உட்காருங்கள்.

அங்கே உட்கார்ந்து என்ன பார்ப்பது? பந்து வலது விங்கில் இருக்கும்போது இடது விங் பேக் உள்ளே நெருங்கி வருகிறாரா. ஒரு ஸ்டாப்பர் ஃபார்வேர்டோடு மேலே போனால் இன்னொருவர் பின்னால் இறங்கி கவர் எடுக்கிறாரா. பந்து பின்னால் போனதும் நாலு பேரும் ஒன்றாக மேலே ஏறுகிறார்களா, இல்லை ஒருவர் தூங்கிப்போய் ஆப்சைடு லைனைக் கெடுக்கிறாரா. கரமடி (கரையில் நின்று இழுக்கும் வலை) இழுக்கும்போது இரண்டு பக்கக் கயிறும் ஒரே வேகத்தில் வராவிட்டால் மீன் எந்தப் பக்கம் ஓடும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே கணக்குதான். யார் கத்துகிறார், யார் கை காட்டுகிறார் என்றும் கவனியுங்கள். புது டிஃபன்ஸில் வேறு வேறு மொழிக்காரர்கள் இருப்பார்கள், மூன்றாவது நாலாவது மேட்சிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றால் அது நல்ல அறிகுறி இல்லை.

டிஃபன்ஸ் லைன் எவ்வளவு மேலே ஏறி நிற்கலாம் என்பதும் ஆளைப் பொறுத்தது. வேகமான ஸ்டாப்பர் இருந்தால் சென்டர் சர்க்கிள் வரைக்கும் ஏறலாம். 2023 நவம்பரில் இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாம் செல்சியிடம் 4-1 என்று தோற்ற மேட்சில் ரொமேரோவுக்கு ரெட் கார்டு, அதிவேகக்காரர் வான் டி வென் தொடைக் காயத்தோடு வெளியே, அப்புறம் உடோகிக்கும் ரெட். ஒன்பது பேரை வைத்துக்கொண்டும் லைனைக் கீழே இறக்கவில்லை. அந்த தைரியத்தைப் பாராட்டியவர்கள் உண்டு, நான் பாராட்ட மாட்டேன். ஓடிப் பிடிக்கிற ஆள் போன பிறகு லைன் இறங்கித்தான் ஆக வேண்டும்.

விங் பேக்கைத் தனியாகப் பாருங்கள், அதுவும் மூன்று பேர் டிஃபன்ஸ் ஆடுகிற டீமில். நம்ம இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் அடிப்படையில் விங்கர், கோல் போடுகிறவர். 2019-20-ல் கொல்கத்தா டீமான ஏடிகேயின் கோச் ஹபாஸ் அவரை 3-5-2-இல் (மூன்று டிஃபெண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், இரண்டு ஃபார்வேர்டு) இடது ஓரம் முழுவதையும் பார்க்கச் சொன்னார். அவர் மேலேயும் போக வேண்டும், பந்து போனால் ஐந்தாவது டிஃபெண்டராகத் திரும்பவும் வர வேண்டும். ஃபட்டோர்டாவில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் சென்னையினை 3-1 என்று வென்று கோப்பை எடுத்தது அந்த டீம்தான். எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது என்று தெரியாத ராத்திரி அது. இப்படிப்பட்ட ஆளை எடை போடும்போது அவர் எத்தனை முறை மேலே போனார் என்று எண்ணாதீர்கள், எத்தனை முறை நேரத்துக்குத் திரும்பி வந்தார் என்று எண்ணுங்கள்.

ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கட்டி முடித்த டிஃபன்ஸா, பாதியில் நிற்கிறதா என்று சொல்ல எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இதுதான். 2022-23-ல் ஆர்சனல் லீக் ஜெயிக்கிற நிலையில் இருந்தது. மார்ச்சில் சலிபாவுக்குக் காயம். ஏப்ரலில் லிவர்பூலோடு 2-2, வெஸ்ட் ஹாமோடு 2-2, சவுத்தாம்ப்டனோடு 3-3, மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1. தொடர்ந்து நாலு லீக் மேட்சில் 11 கோல். அந்த சீசன் மொத்தம் 43 கோல் வாங்கியவர்கள் அடுத்த சீசனில் சலிபா முழுக்க ஆடியபோது 29 கோல்தான் வாங்கினார்கள். முதல் ஜோடி அருமை, மூன்றாவது ஆள் இல்லை.

2020-21 லிவர்பூல் கதை இன்னும் தெளிவு. ஸ்டாப்பர்களில் வான் டைக் காயத்தால் போனார், கோமஸ் போனார், மாட்டிப் போனார். ஃபபின்யோ, ஹெண்டர்சன் என்று மிட்ஃபீல்டர்களைப் பின்னால் இறக்கினார்கள். பின்னால் ஓட்டையை அடைக்கப் போய் நடுவில் ஓட்டை விழுந்தது, சொந்த கிரவுண்டில் தொடர்ந்து ஆறு லீக் மேட்ச் தோல்வி. கடைசியில் பெரிய பெயர் இல்லாத ஸ்டாப்பர்களையே பின்னால் நம்பி ஃபபின்யோவை அவர் இடத்துக்கு அனுப்பியதும்தான் டீம் நிமிர்ந்து மூன்றாவதாக முடித்தது. உங்கள் டீம் மிட்ஃபீல்டரை ஸ்டாப்பராக ஆடவைத்தால் நோட்டில் அன்றைக்கு பின்வரிசை, மிட்ஃபீல்டு என்று இரண்டு இடத்தில் குறியுங்கள்.

ஐஎஸ்எல் டீமுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நாலு வெளிநாட்டுக்காரர்தான். இரண்டு ஸ்டாப்பரும் வெளிநாடு என்றால் மிட்ஃபீல்டுக்கும் ஃபார்வேர்டுக்கும் சேர்த்து இரண்டே பேர். மோகன் பகானுக்கு மன்வீர், லிஸ்டன் மாதிரி இந்திய விங்கர்கள் இருந்ததால் அது தாங்கியது. எல்லா கிளப்புக்கும் தாங்காது. அதனால் புது வெளிநாட்டு ஸ்டாப்பர் வந்த செய்தியைப் படித்ததும் அவர் பழைய கிளப் எது என்று தேடுவதற்கு முன், பக்கத்தில் நிற்கப்போகும் இந்திய ஸ்டாப்பர் யார், அவர் வலது காலா இடது காலா, போன சீசன் எத்தனை மேட்ச் ஆடினார் என்று பாருங்கள்.

கோலியையும் விடாதீர்கள். லிவர்பூல் 2017-18-ல் 38 கோல், அடுத்த சீசன் 22. எல்லாரும் வான் டைக் என்பார்கள். அவர் 2018 ஜனவரியிலேயே வந்துவிட்டார், அந்தக் கோடையில் அலிசனும் வந்தார். இருவரில் ஒருவருக்கு மட்டும் புகழைக் கொடுத்தால் கணக்கு தப்பும்.

பத்து மேட்ச் ஆனதும் நோட்டைத் திறங்கள். பெயர்கள் வேறு வேறாக இருந்து ஒரே வகைக் கோல் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஆளை மாற்றிப் பயனில்லை, கோச் ஆட்டத்தை மாற்ற வேண்டும். கோல் வகை வேறு வேறாக இருந்து ஒரே பெயர் ஐந்தாறு இடத்தில் இருந்தால் அந்த ஆளைப் பற்றிப் பேசலாம், அப்போதும் அவர் பக்கத்தில் நின்றவர் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பேசுங்கள். இரண்டும் இல்லாமல் ஜோடியே எட்டு முறை மாறியிருந்தால், ஜனவரியில் இன்னொரு ஸ்டாப்பர் வாங்கச் சொல்லாதீர்கள், இருக்கிறவர்களில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து சீசன் முடியும் வரை நிறுத்தச் சொல்லுங்கள்.