ஏசி அறையை அடைக்குமுன்: திருகோணமலை வீடுகளில் நடக்கும் தவறுகள்

கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் ஏசி வைத்திருப்பவர்களின் கரண்ட் பில் ஏறும். உடனே பழி மெசின் மேல்தான் விழும். வெளிக்காற்று எந்த வழியாக அறைக்குள் நுழைகிறது என்று தேடுகிறவர்கள் குறைவு. தேடுகிறவர்களும் சில இடங்களில் தவறிவிடுகிறார்கள்.

முழு வீட்டையும் அடைக்கப் பார்ப்பது முதல் தவறு. எங்கள் வீடுகள் காற்றோடக் கட்டியவை: யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி, திறந்த விறாந்தை. அவற்றை அப்படியே விடுங்கள். ஏசி ஓடும் அறையை மட்டும் தனியாக எடுத்து, அதன் நான்கு சுவர், தரை, சீலிங் எல்லாவற்றையும் பாருங்கள். யன்னல் ஓரத்தில் சிலிக்கன் பூசியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். சீலிங் சுவரைத் தொடும் விளிம்பு, லைட் பொருத்திய துளை, ஏசிக் குழாய் வெளியே போகும் ஓட்டை, கதவின் அடிப்பகுதி ஆகியவற்றை யாரும் பார்ப்பதில்லை. கூரைக்குக் கீழே பகல் முழுதும் கொதித்துக் கிடந்த காற்று சீலிங் இடுக்கால்தான் இறங்குகிறது.

வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது அடுத்த தவறு. இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 4 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமான அறையில் 42 கன மீற்றர் காற்று இருக்கும். வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம். உள்ளே 26 பாகை, 55 சதவீதம் என்று வைப்போம். அறைக் காற்று மணிக்கு ஒரு தடவை மாறினாலே, ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ அரை லீற்றர் தண்ணீர் ஆவியாக உள்ளே வந்துவிடும். படுத்திருக்கும் இருவரின் மூச்சும் வியர்வையும் சேர்க்கும் ஈரத்தைவிட இது சில மடங்கு அதிகம். இந்தக் கசிவு ஏசியின் மேல் ஏற்றும் சுமை கிட்டத்தட்ட 400 வாற்று. அதில் முக்கால் பங்குக்கு மேல் ஈரத்தைத் தண்ணீராக்கி வடிப்பதற்கே போகிறது. இரவில் எட்டு மணி நேரம் ஓடினால், சாதாரண ஏசியில் இதற்கு மட்டும் ஒரு யூனிட் செலவு. மாதத்துக்கு ஏறத்தாழ முப்பது யூனிட். கடலோர ஊரில் கசிவின் விலை ஈரத்தில்தான் இருக்கிறது.

அறையோடு சேர்ந்த குளியலறையின் எக்ஸோஸ்ட் ஃபேனை இரவு முழுதும் ஓட விடுவதும் இதே நட்டம்தான். வெளியே தள்ளும் அளவு காற்றை அது இடுக்குகளால் உள்ளே இழுக்கும்.

முறையாக அளப்பதற்கு ‘புளோவர் டோர்’ சோதனை இருக்கிறது. கதவு நிலையில் பெரிய விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவார்கள். அந்த நிலையில் மணிக்கு எத்தனை தடவை காற்று மாறுகிறது என்பதே முடிவு. அதை அன்றாடக் கசிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண நாளில் அவ்வளவு அழுத்தம் இருக்காது. அந்த முடிவை 20 ஆல் வகுத்தால் அன்றாடக் கசிவு கிடைத்துவிடும் என்ற கணக்கும் குளிர்நாட்டு வீடுகளை வைத்து வந்தது. அங்கே உள்ளும் வெளியும் இருபது முப்பது பாகை வேறுபடுவதால் சூடான காற்று மேலே ஏறிக் கசியும். இங்கே வேறுபாடு சில பாகைதான். காற்று வீசும் வேகமும் திசையுமே கசிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஜெர்மனியில் உருவான ‘பாசிவ் ஹவுஸ்’ என்ற மின்சிக்கன வீட்டுத் தரத்தின் எல்லையை, அதாவது 50 பாஸ்கலில் மணிக்கு 0.6 தடவை என்பதை, துரத்தவும் வேண்டாம்.

கச்சான் பலமாக வீசும்போது அளக்காதீர்கள். தரையருகே காற்று செக்கனுக்கு 3 மீற்றரைத் தாண்டினால் நல்ல முடிவு கிடைப்பது அரிது என்று இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9972 சொல்கிறது.

கருவி கிடைக்காவிட்டால், காற்று அடங்கிய வேளையில் ஏசியை நிறுத்தி, கதவு யன்னல்களைப் பூட்டி, குளியலறை ஃபேனைப் போட்டு ஊதுபத்தியோடு விளிம்புகளைச் சுற்றி வாருங்கள். புகை சிதறும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். இது கசியும் இடத்தைக் காட்டும், அளவைக் காட்டாது. குறியிட்ட இடுக்குகளை அடைக்க டேப் ஒட்டுமுன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்புப் படிவைத் துடைத்துக் காயவிடுங்கள்; இல்லாவிட்டால் சீக்கிரமே உரிந்துவிடும்.

நன்றாக அடைத்த அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்திவிட்டுப் படுப்பதை உடனே நிறுத்துங்கள். முன்பு இடுக்குகளால் வெளியேறிய புகை இனிக் குழந்தைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். வலை கட்டுங்கள். உள்ளே தேங்கிய காற்று வெளியேற, படுக்குமுன் கொஞ்ச நேரம் யன்னலைத் திறந்துவிட்டு, பிறகு பூட்டி ஏசியைப் போடுங்கள்.